மடித்த கை

“என்ட பொஞ்சாதி என்னக் கொல்லப் போறா. நாளைக்கு ஜும்ஆவுக்கு முந்தி அத நீங்க கண்டுபிடிச்சுத் தரணும்.”

வந்த மனிதன் இதைச் சொல்லிவிட்டு, நாள் முழுக்கச் சுமந்த உப்பு மூட்டையை இறக்கியவன் மாதிரிக் கதிரையில் விழுந்தான். கதிரை ஒரு முனகு முனகியது.

“கொல நடந்த பொறகுதான் நானா எங்கள்ட்ட வாற வழக்கம்,” என்றான் சுஹைர். “நீங்க கொஞ்சம் முந்திட்டீங்க.”

கஜலக்ஷ்மி தன் உதவியாளனை ஒரு பார்வை பார்த்தார். அவன் வாயை மூடினான். அந்த வாய் கனநேரம் மூடிக் கிடக்காது என்பது சிலாபம் பஸ் நிலையத்திலிருந்து கல்பிட்டிக் கரை வரைக்கும் எல்லாருக்கும் தெரியும். சுஹைருக்குக் கதைப்பது முதல் தொழில், துப்பறிவது இரண்டாவது, ஓட்டோ ஓட்டுவது மூன்றாவது. சோறு போடுவது மூன்றாவதுதான்.

சிலாபத்தில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்தது அவர்களுடைய அலுவலகம். கீழே போறணையில் பாண் வேகிற சூடு பலகைத் தளத்தால் மேலே ஏறும். பொய் சொல்ல வருகிறவன் அதிக நேரம் இருக்க மாட்டான். கஜலக்ஷ்மி வன்னியிலிருந்து சண்டைக் காலத்தில் இந்தப் பக்கம் வந்தவர். ஒரு காப்புறுதிக் கம்பனியில் இழப்பீடு விசாரிக்கிற வேலை பார்த்து, செத்தவர்கள் வீட்டில் உயிரோடு இருப்பவர்களின் கதைகளைக் கேட்டுக் கேட்டுக் காது பழுத்தவர். இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார். காணாமல் போன ஆட்டுக்கும் காணாமல் போன மருமகனுக்கும் அவரிடம் ஒரே கட்டணம்.

“பேரைச் சொல்லுங்கோ.”

“இஸ்ஹாக். பள்ளிவாசல்துறை. சொந்த போட் ஈக்கி. மூணு பொம்புளப் புள்ளைகள்.”

“மனிசி கொல்லப் போறா எண்டு எப்பிடித் தெரியும்?”

“நான் கடலுக்குப் போற நேரம் பாத்து ஊட்டுக்கு ஒரு பொடியன் வந்து போறான் அக்கா. உசிர்க் காப்புறுதி விக்கிற பொடியன். தேத்தண்ணிக் கடையில எல்லாருக்கும் தெரியும், எனக்குத்தான் கடைசியாத் தெரியும். பஹ்மிதா, அதான் என்ட பொஞ்சாதி, ஒரு வார்த்த சொல்லல்ல.”

“நல்ல விசயம்தானே. நீங்கள் போனாப் பிறகு குடும்பம் தவிக்காது.”

“நானாப் போனாச் சரி. அனுப்பி வெச்சா?”

சுஹைருக்கு அந்த மனிதனைப் பிடித்துப் போய்விட்டது.

“இன்னும் கேளுங்க. குசினியில அரிசி வாளிக்குப் பின்னால ஒரு கிளாஸ ஒளிச்சு வெச்சீக்கி. உள்ளுக்கு செவப்புத் தண்ணி. தேத்தண்ணியும் இல்ல, சர்பத்தும் இல்ல. கடலால வந்த விடாய்க்கு எடுத்து வாயில வெக்கப் போனன். ஓடி வந்து பறிச்சுட்டா. மொகம் அப்பிடியே வெளுத்துப் போச்சு.”

“நஞ்சு!” என்றான் சுஹைர்.

“அதெல்லாம் பெரிசில்ல.” இஸ்ஹாக் குரலைத் தாழ்த்தி, வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டான். “என்ட ராத்தா றஹ்மத் உம்மாவும் பஹ்மிதாவும் இப்ப கதைக்கிறாங்க.”

“நாத்தனாரும் மச்சாளும் கதைக்கிறது குற்றமோ?”

“உங்களுக்கு வெளங்கல்ல அக்கா. எங்கட கல்யாணத்துல ராத்தா இருந்த சஹனுக்கு வட்டிலப்பம் வரல்ல.”

ஒரு பெரிய தட்டைச் சுற்றிப் பலர் குந்தியிருந்து ஒன்றாய்ச் சாப்பிடுவதுதான் சஹன். அந்தத் தட்டுக்கு இனிப்பு வராமல் போவது என்றால், வாசலில் வைத்துக் கன்னத்தில் அறைவதற்குச் சமம். சுஹைர் தலையை ஆட்டினான். இது பாரதூரமான விடயம்.

“அண்டையிலருந்து ரெண்டு பேரும் மொகம் பாக்கிறல்ல. பெருநாளைக்கும் இல்ல, மையத்து ஊட்டுலயும் இல்ல. இப்ப என்னெண்டா கருவாட்டு வாடிக்குப் பின்னால குந்திக்கிட்டு குசுகுசுங்கிறாங்க. நான் வந்தா ரெண்டு வாயும் மூடிரும். வட்டிலப்பத்தையே மறக்கிற அளவுக்கு அது என்ன கதை? என்ட கப்றுக் கதை!”

“மனிசியிட்டயே கேட்டிருக்கலாமே?”

“கொல்லப் போறவளிட்டயே போய், எப்ப எண்டு கேக்கவா?”

கஜலக்ஷ்மி சிரிக்கவில்லை. “நாளைக்கு ஜும்ஆவுக்கு முதல் எண்டியள். ஏன்?”

இஸ்ஹாக் தரையைப் பார்த்தான். கயிறு இழுத்துக் காய்த்துப்போன உள்ளங்கைகளை ஒன்றோடொன்று தேய்த்தான். “தொழுக முடிஞ்சதும் பள்ளித் தலைவரிட்டச் சொல்லி, தலாக் குடுத்து இந்தக் குடும்பத்த முடிச்சுருவன். உசிரக் கையில பிடிச்சுக்கிட்டு ஒரே கூரைக்குக் கீழ படுக்க ஏலாது. நான் நெனச்சது பொய்யெண்டா, இண்டைக்கே எனக்கு அதக் காட்டுங்க.” பிறகு மெல்லச் சொன்னான்: “பொய்யா ஈந்தா நல்லம்.”

கஜலக்ஷ்மி கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தார். வழக்கை எடுத்துக்கொண்டார் என்று அர்த்தம்.

“அந்தப் பெடியனைத் தவிர வேற ஆரும் வந்தவையோ?”

“போன கெழம ஒரு பொம்புள வந்தாளாம். கையில சின்னப் பெட்டி. ஊர்ப் போட்டெல்லாம் கடல்ல நிண்ட நேரம். வந்த ஓட்டோவுக்குப் பின்னால சுறாப் படம் கீறி ஈந்திச்சாம்.”

சுஹைர் துள்ளி எழும்பினான். “பல்லக் காட்டுற சுறாவா, சிரிக்கிற சுறாவா?”

“சிரிக்கிற சுறா.”

“கல்பிட்டி ஸ்டாண்ட் இன்ஷாப்! பல்லக் காட்டுற சுறாதான் கேட்டவன். கீறினவனுக்குக் கூலியக் கொறச்சுக் குடுத்தான், சுறா சிரிச்சுப் போச்சு.”

“எடு வண்டியை,” என்றார் கஜலக்ஷ்மி.

பாலாவியில் கல்பிட்டி வீதிக்குத் திரும்பியதும் காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளத் தொடங்கியது. பின் இருக்கையில் கஜலக்ஷ்மிக்குப் பக்கத்தில் இஸ்ஹாக் தலையிலிருந்து முழங்கால் வரை ஒரு துவாயைப் போர்த்திக்கொண்டு இருந்தான். தெரிந்தவர்கள் காணக் கூடாதாம். எதிரே வந்த ஒவ்வொருவனும் அந்தத் துவாயைத் திரும்பிப் பார்த்தான்.

“நானா, துவாய எடுத்தா ஒருத்தரும் பாக்க மாட்டாங்க,” என்றான் சுஹைர். “இப்ப என்ட வண்டியில புதுப் பொண்ணு போகுதெண்டு நெனைக்கிறாங்க.”

துவாய்க்குள்ளிருந்து ஒரு பெருமூச்சு வந்தது.

நடுவீதியில் மூன்று கழுதைகள் நின்றன. ஹோன் அடித்தான். அவை அசையவில்லை. சுஹைர் இறங்கிப் போய் முதல் கழுதையின் காதில் ஏதோ சொல்லிவிட்டு வந்தான். அது விலகியது.

“என்ன சொன்னனீ?”

“காப்புறுதி எடுக்கச் சொன்னன்.”

பிறகு அவன் வழி முழுக்கத் தன் முடிவை அவிழ்த்து வைத்தான். காப்புறுதிப் பொடியன் திட்டம் போட்டவன். பெட்டிக்காரி நஞ்சு கொண்டு வந்தவள். சிவப்புத் தண்ணி அந்த நஞ்சு. றஹ்மத் உம்மா உடந்தை, ஏனென்றால் போட்டில் அவருக்கும் வாப்பா வழிப் பங்கு இருக்கும். எல்லாம் கண்ணாடி மாதிரித் தெளிவு. பக்கத்துத் துவாய் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு தடவை நடுங்கியது.

கஜலக்ஷ்மி காற்றில் பறந்த முடியை ஒதுக்கினார். “எனக்கு ஒண்டே ஒண்டுதான் விளங்கேல்லை, தம்பி. நஞ்சு வைக்கிறவள், குடிக்கப் போற ஆளிட்டயிருந்து அதை ஏன் ஓடி வந்து பறிக்கிறாள்?”

சுஹைர் வீதியில் கழுதை இல்லாமலே ஒரு தடவை ஹோன் அடித்தான்.

“நேரம் வரல்ல போல,” என்றான். “அளவு சரியா விழல்ல போல.”

“வட்டிலப்பமோ, அளவு பார்க்க?”

கல்பிட்டி ஸ்டாண்டில் இன்ஷாப் தன் சிரிக்கிற சுறாவுக்கு நிழலில் நின்று வடை தின்றுகொண்டிருந்தான். சுஹைரைக் கண்டதும் வடையைப் பின்னால் மறைத்தான்.

“வட வேணாம்டா. போன கெழம பள்ளிவாசல்துறைக்கு ஒரு பெட்டிக்காரியக் கொண்டு போனியே, அவ யாரு?”

“அதையேன் கேக்குற? புத்தளம் பஸ்ஸால வந்து எறங்கினா. நல்ல மனிசி, சில்லறைக்குச் சண்ட புடிக்கல்ல. போட் எல்லாம் எறங்கின பொறகுதான் அந்த ஊட்டுக்குப் போகணும் எண்டு சொன்னா. நான் கரையப் பாத்துட்டு, செரி, எல்லாம் போய்ட்டு எண்டு கூட்டிப் போனன்.”

சுஹைர் வெற்றியோடு கஜலக்ஷ்மியைப் பார்த்தான். அவர் இன்ஷாபின் வடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உள்ள எவ்வளவு நேரம் நிண்டவ?”

“ஒரு சிகரட் பத்தி முடியல்ல, வந்துட்டா. பெட்டியத் தொட்டா குளுகுளுண்டு ஈந்திச்சு. ஐஸ் போட்டீக்கும்.”

“வீட்டுக்காரப் பொம்பிளை வாசலுக்கு வந்தவவோ?”

“வழியனுப்ப வந்தா. ஆனா ஒரு மாதிரித்தான் நிண்டா.” இன்ஷாப் வடையை வாயில் கவ்விக்கொண்டு, இடக் கையை முழங்கையில் மடித்து, முன்கையை மார்போடு அழுத்திக் காட்டினான். பிறகு வடையை எடுத்தான். “கக்கத்துல கோழிக்குஞ்ச அமுக்கிப் புடிச்ச மாதிரி. ஸலாம் சொல்றப்பவும் அந்தக் கைய நீட்டல்ல.”

“பாத்தீங்களா!” சுஹைர் தொடையில் தட்டினான். “நஞ்சுப் போத்தல்! சட்டைக் கைக்குள்ள ஒளிச்சு அமுக்கிப் புடிச்சீக்கிறா!”

துவாய் மெல்ல அழுதது.

கஜலக்ஷ்மி இன்ஷாபைக் கேட்டார்: “இடக் கைதானே? நிச்சயமோ?”

“நிச்சயம்.”

அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. முன்னேஸ்வரத்தில் தேர் இழுக்கத் தொடங்கும்போது வருகிற சிரிப்பு அது. சுஹைருக்கு அது பிடிக்காது. அது வந்தால் அவன் சொன்னதெல்லாம் பிழை என்று பொருள்.

“அக்கா, என்னண்டு சொல்லுங்க.”

“வண்டியை எடு. எனக்குக் கருவாடு வாங்க வேணும்.”

பஹ்மிதாவின் வாடி வீட்டோடு ஒட்டி, கரைப் பக்கம் திறந்திருந்தது. நீளப் பரண்களில் கட்டாவும் சூடையும் கீரியும் பிளந்து கிடந்து வெயிலைக் குடித்துக்கொண்டிருந்தன. ஈ மொய்க்க விடாமல் வலை விரித்துக் கட்டி, ஒரு மீன்கூட இன்னொன்றின் மேல் ஏறாமல் பரப்பியிருந்த விதத்தைப் பார்த்தாலே, இந்த வீட்டை நிமிர்த்திப் பிடிக்கிற கை எது என்று தெரிந்தது. காற்றுக் காலத்தில் கடல் கொந்தளித்து போட்டுகள் கரையில் கவிழ்ந்து கிடக்கும் மாதங்களில், அந்த வீட்டில் உலை கொதிப்பது இந்தப் பரணால்தான்.

இஸ்ஹாக் பின்பக்கத்தால் வந்து பழைய வலைக் குவியலுக்குள் புகுந்துகொண்டான். தன் வீட்டு வலையில் தானே போய் மாட்டுகிற மனிதனை சுஹைர் அன்றுதான் பார்த்தான்.

பஹ்மிதா மெலிந்த பெண். கறுப்பு அபாயாவின் கைகளைச் சுருட்டிவிட்டு உப்புத் தொட்டியடியில் நின்றாள். கொஞ்சம் தள்ளி, பருத்த உடம்போடு ஒரு முக்காலியில் இருந்து மீன் புரட்டிக்கொண்டிருந்தார் றஹ்மத் உம்மா.

“வாங்க. கட்டா நல்லா ஈக்கி. கொழும்புக்கு ஏத்த முந்தி எடுங்க,” என்றாள் பஹ்மிதா.

“எடுப்பம், தங்கச்சி. அதுக்கு முதல் ஒண்டு கேக்க வேணும்.” கஜலக்ஷ்மி ஒரு கட்டாவை எடுத்து மணந்தார். “கொத்தல ஹிம்புட்டுக் கோப்பை எங்க வாங்கினனீங்கள்? எனக்கும் ஒண்டு தேவை.”

பஹ்மிதாவின் கையிலிருந்த மீன் தொட்டிக்குள் விழுந்தது. றஹ்மத் உம்மா புரட்டுவதை நிறுத்தினார்.

சுஹைர் தன் தலையில் தானே அடித்துக்கொண்டான். கொத்தல ஹிம்புட்டு! சிங்கள வைத்தியத்து மரக் கோப்பை. ராவைக்குத் தண்ணீர் ஊற்றி வைத்தால் விடியத் தேயிலைச் சாயம் மாதிரிச் சிவந்திருக்கும். சீனி வருத்தம் என்கிற நீரிழிவுக்காரர் வெறும் வயிற்றில் குடிப்பது. சிலாபத்துச் சந்தையில் அகப்பையோடு அகப்பையாய்த் தொங்குகிற சாமான். அவனுடைய வாப்பாவே குடித்தவர்தான். அதைக் கிளாஸில் ஊற்றி அரிசி வாளிக்குப் பின்னால் வைத்தால் நஞ்சு ஆகிவிடுமா!

அந்த நேரம் பார்த்து மோட்டார் சைக்கிள் ஒன்று மணலில் உழுதுகொண்டு வந்து நின்றது. மினுமினுத்த சப்பாத்து. கழுத்தில் பட்டி. ஹெல்மட்டைக் கழற்றியதும் உள்ளே இருந்தது ஒரு சந்தோசமான முகம்.

“பஹ்மிதா அக்கா! கீர்த்திகன் சொன்னாச் சொன்னதுதான். எல்லாம் சரி. இனி உங்கட கையெழுத்து ஒண்டுதான். ஆளுக்கு ஒண்டு நடந்தா, குடும்பம் சீவியத்துக்கும்…”

வலைக் குவியல் எழும்பி நின்றது.

“என்ட உசிர எவ்வளவுக்குடா பேசின?” என்று கத்திக்கொண்டு இஸ்ஹாக் பாய்ந்தான். பாய்ச்சல் நல்ல பாய்ச்சல்தான். ஆனால் வலை காலை விடவில்லை. அவன் கீரிமீன் பரணோடு சரிந்து, தலையில் இரண்டு கருவாட்டோடு மணலில் எழும்பிக் குந்தினான்.

கீர்த்திகன் இரண்டடி பின்னால் போனான். “இவர் ஆர்?”

“என்ட ஊட்டுக்காரர்,” என்றாள் பஹ்மிதா. “வலைக்குள்ள என்ன செய்றீங்க?”

“நீ என்னத்துக்கு எனக்கு நஞ்சு…”

“இஸ்ஹாக் நானா!” கஜலக்ஷ்மியின் குரல் உயர்ந்தது. “உங்கட உயிருக்கு இங்க ஒருத்தரும் விலை பேசேல்லை. இந்தக் கதையில உங்கட உயிரே இல்லை.”

காலில் சுற்றிய வலையை உதறுவதை இஸ்ஹாக் நிறுத்தினான்.

“உயிர்க் காப்புறுதி எண்டவுடன, உயிர் ஆம்பிளைக்குத்தான் இருக்கெண்டு நினைச்சிட்டியள். நீங்களும் நினைச்சியள், என்ர பெடியனும் நினைச்சான்.” சுஹைர் சப்பாத்து இல்லாத தன் காலைப் பார்த்தான். “பெட்டியோட வந்தவ ரத்தம் எடுக்கிற மனிசி. ஆளைச் சோதிக்க வந்தவ, ஆள் கடலுக்குப் போன நேரம் பார்த்து வருவாவோ? வரமாட்டா. அப்ப சோதிச்சது வீட்டில நிண்ட ஆளை. அந்த ஆள் இடக் கையை மடிச்சு நெஞ்சோட அமுக்கிக்கொண்டு வாசலுக்கு வந்திருக்கிறா. ஏன்? முழங்கை மடிப்பில ஊசி குத்தினா, பஞ்சை வைச்சு எல்லாரும் அப்பிடித்தான் அமுக்கிப் பிடிக்கிறது. காப்புறுதி உங்கட மனிசியின்ர உயிருக்கு.”

இஸ்ஹாக்கின் தலையிலிருந்த ஒரு கருவாடு மெல்ல நழுவி விழுந்தது.

“உனக்கா?” என்றான். குரல் மாறிப்போயிருந்தது. “உனக்கு என்ன? நீ மவுத்தாகப் போறியா?”

“எல்லாரும்தான் போற.” பஹ்மிதா கைகளை அபாயாவில் துடைத்தாள். “எனக்குச் சீனி. கிளினிக்ல சொன்னாங்க. உங்களுக்குச் சொன்னா வாடிய மூடச் சொல்லுவீங்க. வாடிய மூடினா காத்துக் காலத்துல என்னத்தத் தின்ற? கடைசி வளவு அஸ்கா மவுத்தாப் போன பொறகு அவட புள்ளைகள் பள்ளிக்கூடத்த உட்டு வாடி வாடியா மீன் கழுவுதுகள். அதுகளப் பாக்கிற நேரமெல்லாம் எங்கட மூணையும் பாத்த மாதிரி ஈக்கி. நான் இல்லாம போனா என்ட வருமானம்தானே இல்லாம போகும்? அப்ப என்ட உசிருக்குத்தானே எடுக்கணும்?”

“சொல்லியிருக்கலாமே…”

“மவுத்தெண்ட சொல்லக் கேட்டாலே காதப் பொத்துற ஆளுக்கிட்டயா? போன நோம்புல வாப்பாட கப்றடிக்கு வரச் சொன்னதுக்கே கால் வலி எண்டு படுத்தீங்க.”

கீர்த்திகனுக்குத் தைரியம் வந்தது. “அக்கா சும்மா எடுக்கேல்லை அண்ணை. எங்களை மூண்டு கம்பனிக்காரரைக் கூப்பிட்டு விசாரிச்சவ. கடைசிக்கு இவட ஆக்களுக்குச் சரிவாற, வட்டியில்லாத தகாபுல் திட்டம்தான் வேணுமெண்டிட்டா. நான் போனஸ் சொன்னன், பத்து வருசத்தில திருப்பித் தாறது சொன்னன், கலியாணச் செலவு சொன்னன்…”

“எனக்கு என்னத்துக்கு அந்தச் சோடின?” என்றாள் பஹ்மிதா. “கடைசிப் புள்ள படிச்சு முடிக்கிற வரைக்கும், நான் மவுத்தானா ஊடு ஓடணும். அவ்வளவுதான் கேட்டன். மத்ததெல்லாத்தையும் கழிச்சாக் கட்டணமும் கொறஞ்சு போச்சு.”

“நல்ல மூளை,” என்றார் கஜலக்ஷ்மி. “ஆனா ஒரு ஓட்டை விட்டிட்டியள். தம்பி கீர்த்திகன், இவவுக்குச் சீனி எண்டு உமக்குத் தெரியுமோ?”

கீர்த்திகனின் முகத்திலிருந்த சந்தோசம் மினுக்கம் குறைந்தது. “ஒரு வருத்தமும் இல்லையெண்டாவே! ரத்தமும் சுத்தமா வந்ததே!”

பஹ்மிதா தலையைக் குனிந்தாள். சிவப்புத் தண்ணியை அவள் எதற்காக ஒளித்து ஒளித்துக் குடித்தாள் என்பது அப்போதுதான் எல்லாருக்கும் விளங்கியது. ஊசிக்காரி வருமுன் ரத்தத்தைச் சுத்தமாக்கிவிட வேண்டும். புருசன் ஒரு மிடறு குடித்தாலும் ஏன் என்று கேட்பான். அதுதான் பறித்தாள்.

“ரத்தத்தை ஒரு காலமைக்கு ஏமாத்தலாம், தங்கச்சி,” என்றார் கஜலக்ஷ்மி. “நீங்கள் கண்ணை மூடினாப் பிறகு கம்பனி ஆள் அனுப்பும். கிளினிக்கில கேப்பினம். சீனி இருந்தது, மறைச்சவ எண்டு ஒரு வரி. பிள்ளையளுக்கு ஒரு சதமும் வராது. நீங்கள் வருசக் கணக்கில கட்டினது கடல்ல போட்ட மாதிரி. அஸ்காவின்ர பிள்ளையளுக்குப் பக்கத்தில உங்கட பிள்ளையளும் மீன் கழுவுங்கள்.”

“உண்மையச் சொன்னாத் தரமாட்டானுகளே!” இப்போதுதான் அவள் குரல் உடைந்தது. “சீனிக்காரிக்கு யாரு எடுத்துத் தாற?”

எல்லாரும் கீர்த்திகனைப் பார்த்தார்கள். அவன் கழுத்துப் பட்டியைத் தளர்த்தினான். காதை மறைக்கிற மாதிரி வைத்திருந்த முடியைச் சொறிந்தான்.

“தரலாம் அக்கா. கிளினிக் ஒழுங்காப் போறீங்கள், குளிசை போடுறீங்கள் எண்டு காட்டினா எடுப்பினம். கட்டணம் கூடும். அல்லாட்டித் தொகையைக் கொஞ்சம் குறைக்க வேணும். நான் திரும்ப முதல்லயிருந்து…” அவன் வெயிலைப் பார்த்தான், மணலைப் பார்த்தான், தன் சப்பாத்தைப் பார்த்தான். “திரும்ப முதல்லயிருந்து வாறன்.”

பஹ்மிதா பரணுக்குப் போனாள். சரிந்து போனதை ஒவ்வொன்றாய் எடுத்து அடுக்கத் தொடங்கினாள்.

“தொகையக் கொறைங்க. சீனி ஈக்கி எண்டே எழுதுங்க. கொறய வந்தாலும் வாறது நெசமா வரணும்.”

“கோப்பைத் தண்ணியும் குடியுங்கோ, குளிசையை விடாதேங்கோ,” என்றார் கஜலக்ஷ்மி.

இஸ்ஹாக் இன்னும் மணலில்தான் இருந்தான். அவனுக்கு ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தது. “அப்ப ராத்தாவோட என்ன குசுகுசு?”

பஹ்மிதா இன்னொரு மீனை எடுத்துப் பரணில் வைத்தாள். கீர்த்திகன் சொன்னான்: “பணத்தைப் பெறுற ஆள் எண்டு இந்த உம்மாவின்ர பேரைத்தானே குடுத்திருக்கிறா.”

“ராத்தா பேரயா?” இஸ்ஹாக் எழும்பியே விட்டான். “நான் உசிரோட ஈக்கேக்கயா? வட்டிலப்பச் சண்டக்காரி பேரயா?”

“உங்கட கையில குடுத்தா போட்டுக்குப் புது எஞ்சின் வரும்,” என்றாள் பஹ்மிதா. “மதினி கையில குடுத்தா, என்னப் பத்தி ஊரெல்லாம் கொறை சொல்லிச் சொல்லியே என்ட புள்ளைகளப் படிப்பிச்சு முடிப்பாங்க. எனக்குத் தெரியும்.”

றஹ்மத் உம்மா முக்காலியில் நிமிர்ந்தார். “கொறை சொல்லத்தான் செய்வன். வட்டிலப்பம் வரல்லத்தானே?”

சுஹைர் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக் கடலைப் பார்த்தான். பின்னால் பஹ்மிதா கேட்பது காதில் விழுந்தது: “நஞ்சு எண்டீங்களே, அது என்ன கதை? இவங்க யாரு?”

“நாங்க கருவாடு வாங்க வந்த ஆக்கள்,” என்றான் சுஹைர் அவசரமாக.

“இல்ல.” இஸ்ஹாக் சொன்னான். மணல் ஒட்டிய முகத்தோடு பெண்டாட்டிக்கு முன்னால் போய் நின்றான். “நீ என்னக் கொல்லப் போறதா நெனச்சு இவங்களக் கூட்டி வந்தன். நாளைக்குப் பள்ளிக்குப் போய் குடும்பத்த முடிக்க ஈந்தன்.”

பஹ்மிதா அவனை மேலும் கீழும் பார்த்தாள். அவன் தலையில் ஒட்டியிருந்த மற்றக் கருவாட்டை எடுத்துப் பரணில் வைத்தாள்.

“உங்களக் கொல்றதுக்கு நஞ்சு என்னத்துக்கு? ரெண்டு நாள் சமைக்காம உட்டாப் போதுமே.”

முதலில் சிரித்தவர் றஹ்மத் உம்மா. முக்காலி ஆடிற்று. பிறகு கீர்த்திகன். பிறகு இஸ்ஹாக், அழுகையும் சிரிப்புமாக. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் கீர்த்திகனின் கையைப் பிடித்தான்.

“தம்பி, எனக்கும் ஒண்டு போடு. கடல்ல போறவன் நான். இவட உசிருக்கு மட்டும் போட்டு என்ட உசிருக்குப் போடாம உட்டா ஊர் சிரிக்கும்.”

கீர்த்திகனின் முகத்தில் வெளிச்சம் திரும்பி வந்தது. அந்த இடத்திலேயே பேனையை எடுத்தான். “புகை பிடிக்கிறீங்களா அண்ணை?”

“இல்ல,” என்றான் இஸ்ஹாக் நெஞ்சை நிமிர்த்தி. “உட்டுக் கன காலம்.”

“பொய்!” என்றன இரண்டு குரல்கள்.

பஹ்மிதாவும் றஹ்மத் உம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரே நேரத்தில், ஒரே சொல்லை, ஒரே கோபத்தில் அவர்கள் சொன்னது இதுதான் முதல் தடவை.

“எழுதும், தம்பி,” என்றார் கஜலக்ஷ்மி. “பிடிக்கிறவர் எண்டு எழுதும்.”

“பணத்தைப் பெறுற ஆள்?”

இஸ்ஹாக் பெண்டாட்டியைக் காட்டினான். பஹ்மிதா தலையை ஆட்டினாள். “நீங்க மவுத்தானா நான் இத்தாவுல நாலு மாசம் பத்து நாள் ஊட்டோட ஈப்பன். வெளிய எறங்கிக் கம்பனி கம்பனியா யாரு அலையிற? மதினி பேரயே போடுங்க.”

றஹ்மத் உம்மா கையிலிருந்த மீனைத் தொப்பென்று பரணில் போட்டார்.

“என்ட நோவுற முழங்காலப் பாத்துத்தான் பேசுறீங்களா? அவ போனாலும் நான் அலையணும், இவன் போனாலும் நான் அலையணும்! எனக்கு ஏலாது. ரெண்டு பேரும் ஒழுங்கா உசிரோட ஈங்க!”